மமதாவின் அரணைக் குழிகள்

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். தங்கச் சுரங்கக் கூலிகளுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில் இன்றும் அதை வேதவாக்காக நம்புகிறவர்கள் உண்டு. கடிபட்டுச் செத்தவனை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனாலும் பயத்துக்குச் சாட்சி எதற்கு? அந்த லைனில் முனிரத்தினத்தின் மகள் மமதா மட்டும் அரணையை நம்பியே பிழைப்பு நடத்தினாள்.

விலங்கியல் படித்தவள். விடிவதற்கு முன் ரயிலேறினால் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை, இருட்டிய பின் வீடு. ஊரில் பாதிப் பேர் பாடு இதுதான். அப்பன்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நெருக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். சுரங்கத்தை மூடியபின் பிள்ளைகள் ரயிலில் நெருக்கிக்கொண்டு பெங்களூர் போகிறார்கள். பங்காருபேட்டை ஸ்டேஷன் வந்தால் கையைத் தூக்கி மூக்கைச் சொறியக்கூட இடமிருக்காது.

அவள் வேலை, தரையில் சருகுக்கடியில் திரியும் சின்ன அரணைகளை இனம் பிரிப்பது. விரல் நீளம், பெயருக்கு நாலு கால், பார்த்தால் மண்புழுவுக்கு அண்ணன். ஒரு காலத்தில் இதுகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே பேரினத்தில் போட்டிருந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் மூட்டையை அவிழ்த்து, உடம்பைச் சுற்றிச் செதில் எத்தனை வரிசை, தலைச் செதில் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். அதில் முக்கியமானது கீழ் இமை. சிலதுக்கு இமையில் கண்ணாடிபோல ஒரு ஜன்னல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே பார்க்கும். மற்றதுக்கு இமை முழுக்கச் செதில்தான்.

தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த, சைனைடு டம்பு என்று ஊர் சொல்லும் மண்மேட்டின் அடிவாரத்தில் போன வருஷம் ஓர் அரணை செத்துக் கிடந்தது. மமதாதான் எடுத்தாள். செதில் கணக்கு எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. இமையைப் பார்க்கலாமென்றால், அதை எறும்பு தின்றிருந்தது.

"ஒரே ஒரு ஸ்பெசிமென், அதுவும் டேமேஜ். இத வெச்சு புதுசுன்னு எழுத முடியாது மமதா" என்றார் கூடத்தின் தலைவர் லவினா மேடம். "மழைக்கு முன்னாடி இன்னொண்ணு புடி. இமைல ஜன்னல் இல்லன்னா அது புது இனம். நம்ம ஷில்லாங் சென்டர்ல காலியா இருக்கற போஸ்ட் உனக்குத்தான்."

ஷில்லாங்கில் வேலை, தங்க இடம், சொந்தமாக ஒரு மேஜை. இந்த ரயிலையும் இந்த லைனையும் விட்டுப் போகலாம் என்ற நினைப்பே மமதாவுக்குப் புதுசு. அம்மா மங்கம்மா இறந்தபின், நெஞ்சு நிறையக் கல்தூசியோடு இருமும் அப்பாவுக்கு அவள்தான் முதுகு தடவுவாள், ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். வந்த வரன்களும் இதைக் கேட்டே நழுவிவிட்டன.

அனுமதி வாங்கி மேட்டடியில் பக்கெட்டுகளை விளிம்பு தரையோடு இருக்கும்படி புதைத்தார்கள். ஓடுகிற அரணை உள்ளே விழும். வழுக்கும் சுவரில் ஏற முடியாது. குழிகளை வெட்டியது முனிரத்தினம். "நாற்பது வருஷம் குழி வெட்னவன் நானு. நீ தள்ளும்மா" என்று இருமி இருமி வெட்டினார். தினமும் பார்த்துவிட்டு வருவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையும் "நீ தூங்கு கண்ணு" என்று அவரே கிளம்பிவிடுவார். வந்து ஒரே பதில்தான்: "காலிம்மா."

சித்திரை போய் வைகாசி வந்தது. காலி. மமதா வாய்விட்டு அரணைகளைத் திட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு நாள் கூட்டத்தில் ஏற முடியாமல் ரயிலைக் கோட்டைவிட்டாள். வீட்டுக்குப் போகாமல், விடிகிற வெளிச்சத்தில் நேராக மேட்டடிக்கு நடந்தாள். ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒரு மூங்கில் பத்தை சாய்த்து வைத்திருந்தது. பத்தை நெடுக, கால் பிடிக்க வசதியாகக் கத்தியால் கீறிய வெட்டுகள். பொறுமையாக, ஆசையாகச் செய்த வேலை.

வழக்கம்போலக் குழி பார்க்க வந்த முனிரத்தினம் பின்னால் நின்றார். மகள் முகத்தைப் பார்த்ததும் தலை குனிந்தார்.

"இன்னாப்பா இது?"

"ஏணிம்மா."

"தெரியுது. ஏன்?"

"எங்க கேங்குல ஒரு வழக்கம். ஏணி நிக்காத குழிய உட்டுட்டு ஷிப்ட் முடிச்சி மேல வரமாட்டோம். ஏர் பிளாஸ்ட்ல பாறை வெடிச்சி உள்ள மாட்டிக்கினு கெடந்தவன்மா நானு. எவன் எப்போ வழி தேடுவான்னு தெரியாது."

"அரணைக்கெல்லாம் ஏணி வெச்சியே, எனக்கு இன்னாப்பா வெச்ச?"

கத்திவிட்டாள். கேட்டபின் வாயைப் பொத்திக்கொண்டாள். முனிரத்தினம் குனிந்து, ஒவ்வொரு குழியாக, பத்தைகளை உருவி எடுத்தார்.

மறு வாரம் ரயில் பங்காருபேட்டையில் நிற்கும்போது போன் வந்தது.

"வுழுந்துடுச்சிம்மா."

"நெசமாவா?"

"ஏறுது, வுழுது. ஏறுது, வுழுது. என்னால பாக்க முடியல. சீக்கிரம் வா."

"வரேம்ப்பா. ஏணி மட்டும் வெச்சிடாத."

"வெக்கல" என்றார்.

ஆட்களை இடித்துத் தள்ளி இறங்கி, பஸ்ஸைப் பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. முனிரத்தினம் துண்டை விரித்துப் பக்கெட்டுக்கு நிழல் பிடித்தபடி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மமதா அரணையை எடுத்து லென்ஸைக் கண்ணில் வைத்தாள். அது பயத்தில் கண்ணை மூடியது. கீழ் இமையில் ஜன்னல் இல்லை. முழுக்கச் செதில்.

"இதானா?"

"இதாம்ப்பா."

"அப்போ வேலை?"

"கெடச்சிடும்."

முனிரத்தினம் துண்டை உதறினார். "வழக்கம்னு சொன்னேன் பாரு, அது பாதிதாம்மா நெசம். இது கெடச்சா நீ போயிடுவன்னு மீதி பாதி." இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். "தப்பு பண்ட்டேன். நீ போ. நான் எப்டியோ இருந்துக்கறேன்."

"நீயும் வாப்பா."

"அந்தக் குளிரு இந்த நெஞ்சுக்கு ஆவாதும்மா. உனக்கே தெரியும்."

தெரியும். அரணையைத் துணிப்பையில் விட்டு வாயைக் கட்டினாள். சாயங்காலத்துக்குள் இதைக் கொன்று ஸ்பிரிட்டில் போட வேண்டும். மமதா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். அரணைக்காக அழுவதாக அப்பா நினைத்தார். தனக்காக அழுவதாகவும் கொஞ்சம் நினைத்திருக்கலாம். அவள் அழுதது தன்னை நினைத்துத்தான். இத்தனை நாள் போக முடியாததற்கு அரணை கிடைக்காததைக் காரணம் சொல்ல முடிந்தது. இனி அப்பாவை விட்டுப் போனாலும், போகாமல் இந்த ரயிலிலேயே கிடந்தாலும், அதை அவளே செய்ததாகத்தான் இருக்கும்.