அம்மாவின் முகப்பக்கம்

அம்மாவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று முகப்பக்கம், இன்னொன்று முதுகுப்பக்கம். படுக்கையில் முகப்பக்கம் தம்பிக்கு, முதுகுப்பக்கம் எனக்கு. இந்தப் பாகப்பிரிவினையை யாரும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. தம்பி பிறக்கும்வரை இரண்டு பக்கத்தையும் நானே ஆண்டு அனுபவித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்தான், அம்மா திரும்பிப் படுத்தாள், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கீழே அதே கிட்டங்கியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு ஏழு வயது. தம்பிக்கு இரண்டு நடந்துகொண்டிருந்தது.

அந்தத் துரைக்குத் தூக்கம் வரவேண்டுமென்றால் அம்மாவின் காது வேண்டும். காது மடலை இரண்டு விரலால் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பான். திருகத் திருகக் கண் சொருகும். தூங்கிவிட்டான் என்று நம்பி அம்மா மெல்லத் திரும்பினால் போச்சு, தெருவே எழுந்து உட்காரும்படி வீறிடுவான். அதனால் அம்மா விடிய விடிய அவன் பக்கமே திரும்பிக் கிடப்பாள். நான் அவள் ரவிக்கை முதுகில் போட்ட ஒட்டுத் துணியைப் பார்த்தபடி கிடப்பேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பின்னாலிருந்து எட்டி இன்னொரு காதை நானும் திருகிப் பார்த்தேன். சுளீரென்று கையில் ஓர் அடி விழுந்தது.

“ஏட்டி, ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் என்ன சின்னப்புள்ள மாதிரி?”

எனக்கு ஒரு கழுதை வயதுகூட ஆகியிருக்காது. வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான், அதை இப்போது எதற்கு வேறு பெயர் சொல்லி மறைக்க வேண்டும்?

இப்படி இருக்கையில் அம்மா ஒருநாள் திடீரென்று, தம்பியைத் தனியாகத் தூங்கப் பழக்கியே ஆகவேண்டும் என்று கிளம்பினாள். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது, எப்படியோ வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

யோசனை கேட்க அடுத்த வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டாள். சேச்சிக்கு நான்கு பிள்ளைகள். விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தால் நான்கும் தாமாகவே போய் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். சேச்சி வந்து தும்மிவிட்டு, தம்பியை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னாள்:

“வேறெ பாயில் கிடத்திக்கோ. குறச்சு கரையட்டே. ரெண்டு மூணு திவசம் கரஞ்ஞா பின்னெ ஒரு சல்லியமும் இல்லா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அப்போது தெரிந்திருந்த மலையாளம், கடையில் சாயாப் பொடி வாங்குகிற அளவுக்குத்தான். ஆனால் இது எனக்கு நன்றாகவே புரிந்தது. தனிப் பாயில் போட்டால் தம்பி கரைவான். இரண்டு மூன்று நாள் கரைந்தால் அப்புறம் தொல்லையே இருக்காது. எப்படி இருக்கும்? ஆள் இருந்தால்தானே தொல்லை! அம்மாவும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். தண்ணீரில் விழுந்த வெல்லக்கட்டி முதலில் ஓரம் மழுங்கும், அப்புறம் சிறுத்துக்கொண்டே வரும். தம்பியும் அப்படித்தான் போவான் என்று நினைத்துக்கொண்டேன். அவனுடைய கால்பெருவிரலை ரகசியமாகத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் ஜன்னலோரம் அவனுக்குத் தனிப் பாய் விழுந்தது. அம்மா அவனைக் கிடத்தித் தட்டிக்கொடுத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தாள். அவன் அழுதான். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா எழுந்து போய்த் தட்டுவாள், வந்து உட்காருவாள், மறுபடி எழுவாள். கடைசியில் அலுத்துப்போய்த்தான் தூங்கினான்.

காலையில் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்த்தேன். பாயின் நடுவில் ஈரம். ஆகா, ஆரம்பித்துவிட்டது! தம்பியைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்த மாதிரிகூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

“சேச்சி, தம்பி கரைய ஆரம்பிச்சுட்டான்!”

“சாரமில்ல மோளே, கரையட்டே” என்றாள் சேச்சி, தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா என்று அசந்துபோனேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது கேட்டேன், “அப்பா, தம்பி முழுசாக் கரைய எத்தன நாளாகும்?”

“என்னட்டி சொல்லுத?”

சேச்சி சொன்னதையும் பாய் ஈரத்தையும் விவரமாகச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “அட கூறுகெட்டவளே, மலையாளத்துல கரையுறதுன்னா அழுறதுட்டி! அவன் பாயில மோண்டுருக்கான்” என்றார். சிரிப்பு அடங்கவே அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஆயிற்று. எனக்குத்தான் ஏமாற்றம் தாங்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்து மலையாளத்தில் கொஞ்சநேரம் கரைந்தேன்.

சரி, கரையாவிட்டால் போகிறான், தூங்கினாலாவது இடம் காலியாகுமே. அடுத்த நாளிலிருந்து என்னைவிட மும்முரமாக அந்தக் காரியத்தில் இறங்கியவர் யாருமில்லை. அம்மா நெகிழ்ந்துபோய் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். “போகாதம்மா, பழகட்டும்.” தம்பி அழுதபடி என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? கண்ணை மூடுடா என்று சைகை காட்டினேன். ஒருநாள் அம்மா, “பாவமா இருக்குட்டி, இன்னைக்கு ஒருநாள் எங்கூடப் படுத்துக்கிடட்டும்” என்றபோது, “அப்ப இத்தனை நாள் அழுததெல்லாம் வீணா?” என்று நான் கேட்டதைச் சேச்சி வாசலில் நின்று கேட்டுவிட்டாள். “மிடுக்கி! தம்பிமேல என்னா ஒரு சினேகம்” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று மறுக்கவில்லை.

அடுத்து வந்த ஒரு நாளில் அம்மா வழக்கம்போல் எட்ட உட்கார்ந்திருந்தாள். தம்பி சிணுங்கினான், புரண்டான், காற்றில் கையைத் துழாவினான். அம்மாவின் காது அங்கே இல்லை. துழாவிய கை திரும்பி வந்து அவன் காதிலேயே பட்டது. ஒரு கணம் சும்மா கிடந்தான். பிறகு அதையே இரண்டு விரலால் பிடித்துத் திருக ஆரம்பித்தான். திருகத் திருக அவன் கண் சொருகிற்று. தூங்கியே போனான்.

ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழவேண்டும்? அவன்தான் தூங்கிவிட்டானே! முதுகுப்பக்கத்தில் நான் அத்தனை காலம் கிடந்தேன், எனக்காக இவள் ஒரு நாளாவது இப்படி அழுதாளா? தூங்கினபிறகும் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இருந்தாலும் முகப்பக்கம் எனக்கு வந்து சேர்ந்தது. அன்று படுத்தபோது அம்மா தானாகவே என் பக்கம் திரும்பினாள். “காதைப் பிடிச்சுக்கவா?” என்று கேட்டேன். “பிடிச்சுக்கோட்டி” என்றாள். பிடித்தேன். இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாள்! ரொம்பக் களைத்துப்போயிருந்தாள். இன்னும் நெருங்கி வரச் சொன்னேன்.

“இதுக்கு மேல வர முடியாது, சும்மா கெட.”

பார்த்தால் உண்மைதான். அவள் வயிறு நடுவில் மேடாக இடித்துக்கொண்டிருந்தது. நானாகவே முண்டிக்கொண்டு போய் ஒட்டிப் படுத்தேன். அப்போது அவள் வயிற்றிலிருந்து பொதுக்கென்று என்னை ஏதோ இடித்தது.

“அம்மா, ஒனக்கு வாயு. அப்பாகிட்டச் சொல்லி சுக்கு எடுத்துட்டு வரச் சொல்லு.”

அம்மா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் சொன்னதற்கு அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இனி இந்தப் பக்கம் எனக்கேதான், எவன் வந்தாலும் விடுவதில்லை என்று காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் ஓர் இடி. வரப்போகிறவள் உள்ளேயிருந்தபடியே இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறாள் என்று தெரியாமல் நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.