பிளஜேனாவின் வலது காது

எங்கள் ஊர்ச் சிற்பி வெண்டெலின் குபிஷ்டா யாருக்கும் நேரெதிரே நின்று பேசியதில்லை. பதக்கத்தில் முகம் பக்கவாட்டில்தான் வரும். அதையே வாழ்நாளெல்லாம் செதுக்கிச் செதுக்கி, மனிதர்களுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். என் பீர்க்கடைக்குள் வந்தால் சுற்றி வளைத்து என் தோள்பக்கம் நின்றுகொண்டு, காதோரமாகத்தான் பீர் கேட்பான். பள்ளியில் என்னோடு படித்தவன், போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் நான் அவித்துக் கொடுக்கும் கொழுக்கட்டையைத் தின்னாமல் பிசைந்து, அதற்கு மூக்கு வைத்துக்கொண்டிருப்பானே, அதைத்தான் பொறுக்க முடியாது. சமைத்தவளுக்கு வயிறு எரியாதா?

பிழைப்புக்குக் குறைவில்லை. எங்கள் செக் ஜனங்களுக்கு நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் என்றால் ஒரு பதக்கம். தீயணைப்போருக்கு ஒன்று, புறா வளர்ப்போருக்கு ஒன்று, காளான் பொறுக்குகிறவர்களுக்குக்கூட ஒன்று. குபிஷ்டா சாப்பாட்டுத் தட்டளவு பிளாஸ்டரில் செதுக்கிக் கொடுப்பான். பட்டறை யந்திரம் அதைக் காசளவுக்குச் சுருக்கி அடித்துவிடும். ஆண் முகம் என்றால் சங்கத் தலைவர். வெற்றி, விளைச்சல், ஆரோக்கியம் என்று பெண்ணுரு கேட்டால் எல்லாம் அவன் மனைவி பிளஜேனாதான். பல் வைத்தியர் மாநாட்டுப் பதக்கத்தில் கையில் குறடு பிடித்து நிற்பவளும் அவளே.

பிளஜேனாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு யார் போனாலும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, இது நான், இதுவும் நான் என்று காட்டாமல் காபி தரமாட்டாள். எல்லாவற்றிலும் இடது பக்கம். முடியை வலது காது மூட வாரிவிடுவது சின்ன வயதுப் பழக்கம். சமையலறையில் அவன் உட்காருவதும் அவளுக்கு இடப்பக்கம்தான்.

போன இலையுதிர் காலத்தில் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குப் பதக்கம் அடித்தார்கள். விழா என் கடையில். இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பிளஜேனா பதக்கப் பெட்டியைத் திறந்தாள், முகம் செத்துவிட்டது. தேன்கூடு ஏந்திய பெண் இந்த முறை மறுபக்கம் திரும்பியிருந்தாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தது. மேல் விளிம்பு மடங்கிய காது, அதற்குக் கீழே புள்ளியளவு மச்சம்.

"மூக்கு என்னோடது. காது எவளோடது?" என்றாள்.

அவள் கணக்கு இதுதான்: மூக்கு கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் முடிக்குள் மறைந்திருக்கும் மச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எவ்வளவு கிட்டத்தில் போயிருக்க வேண்டும்? அந்தக் காதுக்காரி யார் என்று தெரியாவிட்டால் காலை ரயிலுக்கே பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்தாள். அவன் தினமும் வருவது என் கடைக்குத்தானே! வாடிக்கைக்காரர்கள் முன்னால் என் முடியைத் தூக்கி இரண்டு காதையும் புரட்டிப் பார்த்தாள். விதவை நான். கடை நடத்துகிறவள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு ரொட்டிக்கடைக்காரி, தபால் ஆபீஸ்காரி, பாதிரியார் வீட்டுச் சமையல்காரக் கிழவி என்று ஒருத்தியையும் விடவில்லை. பயந்தால் குபிஷ்டாவுக்குப் பேச்சு வராது. குனிந்தபடி கொழுக்கட்டையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஊர்ல உள்ள காதெல்லாம் பாத்தியே, ஒன்னோடத என்னைக்காவது பாத்தியாடி?" என்று அவள் வலது பக்க முடியை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

மடங்கிய காது. மச்சமும் இருந்தது.

அவள் நம்பவில்லை. பின்பக்கம் போய் என் கைக்கண்ணாடியை எடுத்துவந்து, கடைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டினேன். இந்த வயதில் முதல்முறையாகத் தன் வலது காதைப் பார்த்தாள். பார்த்தும் விட்டாளா? எப்போதும் இடது பக்கத்தையே பார்க்கிறவன் இதை எப்போது பார்த்தான் என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

குபிஷ்டாவின் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. "கூரை ஒழுகுச்சுல்ல, கட்டில்ல எடம் மாத்திக்கிட்டோம். காலைல முழிச்சா இந்தப் பக்கம்தான் தெரிஞ்சுது."

தேனீக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கூரையத்தான் வசந்தத்துலயே சரி பண்ணியாச்சே. அப்பறம் ஏன் பழைய பக்கம் வரல?"

அவன் எழுந்தான். சுற்றி வளைக்காமல், பக்கவாட்டில் ஒதுங்காமல், அவளுக்கு நேரெதிரே வந்து நின்றான்.

"இந்தப் பக்கத்த நான் இன்னும் பாத்து முடிக்கல, பிளஜேனா."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கண் கலங்கிவிட்டது. பிளஜேனா நாற்காலியை இழுத்து, தன் வலது பக்கம் அவனுக்குத் தெரியும்படி போட்டு உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். அவன் தட்டில் கொழுக்கட்டை காதாக மாறிக் கிடந்தது, மச்சத்தோடு. அதை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அந்த மேஜையில் என் கொழுக்கட்டையை ஒருவர் தின்று நான் பார்த்தது அன்றுதான்.