இறங்காத டிக்கெட்

சில நாட்களுக்கு முன் தர்மபுரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவர் எங்கள் பழைய பஸ் முதலாளியை நினைத்து உருகினார். யுத்த காலத்தில், பெட்ரோலே கிடைக்காத நாளில், லாபநஷ்டம் பார்க்காமல் சேலத்துக்கு பஸ் விட்ட தர்மவான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அந்த தர்மவானிடம் அப்போது மேனேஜராக இருந்தவன் நான்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், எங்கள் பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மை மாட்டினோம். அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் இஞ்சினை ஓட்டினோம். கரி பஸ் என்று ஊரில் பெயர். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

அதற்காகவே ஒரு வழக்கம் இருந்தது. அடிவாரத்தில் வண்டி நின்றதும் ஆண்கள் யாரும் சொல்லாமலே இறங்கி நடப்பார்கள். பிள்ளைத்தாச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் நோயாளிகளும் மட்டும் உள்ளே இருப்பார்கள். கிளீனர் ஒரு கனத்த புளியங்கட்டையைச் சுமந்துகொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார். இஞ்சின் திணறி வண்டி பின்னால் வழுக்கினால், சட்டென்று குனிந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பிரேக்கை நம்ப முடியாது. தேய்ந்ததை மாற்ற அந்தக் காலத்தில் சாமான் ஏது? அந்தக் கட்டையும், பாரம் குறைவதும்தான் எங்களுக்குப் பிரேக்.

வசதியுள்ள சிலருக்கு இப்படி இறங்கி நடப்பது கௌரவக் குறைவாகப் பட்டது. இதில் காசு பார்க்கலாம் என்று முதலாளிக்கு மூக்கில் வியர்த்தது. நான் சொந்த வேலையாக மாரண்டஹள்ளிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சிவப்புத் தாளில் ஒரு டிக்கெட் அடித்துவிட்டார். கூடுதலாகக் கொடுத்து அதை வாங்கினவர் கணவாயில் இறங்க வேண்டியதில்லை. வாங்காதவர் யாராக இருந்தாலும் இறங்க வேண்டும். ‘இறங்காத டிக்கெட்’ என்று ஜனங்களே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அதாவது, மண்டிக்காரரும் கான்ட்ராக்டரும் தொப்பையும் தாம்பூலமுமாக உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏழைப் பெண்கள் வெயிலில் ஏறுவார்கள். இதுதான் அந்தத் தர்மம்!

திரும்பி வந்ததும் நேரே முதலாளியிடம் போனேன்.

“பாரம் கூடிப்போச்சுங்க. வண்டி வழுக்குனா கட்டை போடற ஆளோட கதி என்னங்க? இந்த டிக்கெட்டை நிறுத்திடுங்க.”

“ஏம்ப்பா, கரி விக்கிற விலை தெரியுமில்ல? டயர் கெடைக்குதா? கம்பெனியை மூடிட்டா உன் வூட்ல, டிரைவர் வூட்ல, கிளீனர் வூட்ல உலை எப்படிக் கொதிக்கும்? அதை மொதல்ல யோசி.”

அதையும் யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. பஸ் நின்றால் எங்கள் பிழைப்பு மட்டுமா போகும்? சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் தவித்துப் போவார்கள். ஆனால் கட்டணத்தை எல்லோருக்கும் கொஞ்சம் உயர்த்தலாம், வாரத்தில் ஒரு நடையைக் குறைக்கலாம் என்று நான் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நஷ்டத்தைக் கம்பெனி தாங்காது, கிளீனர் தாங்கிக்கொள்வார் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

நான் பயந்ததே நடந்தது. கணவாயின் இரண்டாவது வளைவில் வண்டி வழுக்கியது. கிளீனர் குனிந்து கட்டை கொடுத்தார். பாரத்தில் கட்டையும் சேர்ந்து நகர்ந்தது. வண்டி நின்றுவிட்டது. ஆனால் அவருடைய வலது கையின் விரல்கள் கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி நசுங்கிப்போயின. அவர் அதியமான்கோட்டைக்காரர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். உள்ளே இருந்த சிவப்பு டிக்கெட்காரர்கள் அப்போதும் இறங்கவில்லை. ஏன் நேரமாகிறது என்று கேட்டார்கள்.

முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கணவாய் முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்தார். கட்டை வழுக்காமலிருக்க அதற்கு இரும்புப் பூண் போட்டுக் கொடுத்தார். கட்டைக்கு வைத்தியம் ஆயிற்று. கைக்கு?

“கவனமில்லாத பய. நான் பாரவண்டி ஓட்டி மேல வந்தவன்ப்பா. எத்தனை வாட்டி இதே கணவாயில கட்டை போட்டிருக்கேன், எனக்கு ஒரு கீறல் பட்டிருக்குமா?” என்றார். மாட்டுவண்டிக்குப் போட்ட கட்டையைச் சொல்கிறார், மகானுபாவர்.

வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றியது. விட்டால் அடுத்து வருகிறவன் தலையாட்டிக்கொண்டு சிவப்பு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பான், அவ்வளவுதான். கட்டையும் கையும் அப்படியேதான் இருக்கும். அதனால் இருந்தேன். வாய்ப்புக்குக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் கிளீனர் கைக்கட்டோடு திரும்பி வந்தார். அன்று சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த முதலாளி, திரும்புகிற எங்கள் பஸ்ஸில் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வேலையாகப் போயிருந்த நானும் அதே வண்டியில் இருந்தேன். அடிவாரத்தில் வண்டி நின்றது. சிவப்பு டிக்கெட்காரர்கள் அசையவில்லை. மற்றவர்கள் இறங்கினார்கள். கடைசியாக நிறைமாதக்காரி ஒருத்தி மெதுவாக இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, மேல வரைக்கும் நடக்கோணுங்களா?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“நீ ஏறி உட்காரும்மா” என்றேன். அவள் பயந்துகொண்டே முதலாளியைப் பார்த்தாள். பிறகு ஏறினாள். கிளீனர் இடது கையால் கட்டையை அணைத்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

டிரைவர் இஞ்சினை உறுமவிட்டபடி எட்டிப் பார்த்தார். “மேனேஜரய்யா, ஒத்தக் கை ஆளை நம்பி இந்தப் பாரத்தை நான் ஏத்த மாட்டேனுங்க. கட்டைக்கு ஒரு ஆள் சொல்லுங்க.”

நான் முதலாளி பக்கம் திரும்பினேன். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

“நீங்கதான் இந்தக் கணவாயில கட்டை போட்டுப் பழகினவருங்களே. ஒரு கீறல்கூடப் படாதவரு. கொஞ்சம் இறங்கிப் பிடிச்சீங்கன்னா கிளம்பிடலாமுங்க.”

வண்டிக்குள் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அத்தனை பேருக்கு முன்னால் பழம்பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வருமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பூண் போட்ட கட்டையைக் கிளீனரிடமிருந்து வாங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றார். பக்கத்தில் கரி டிரம் அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வண்டி நிறைய ஆள். அவர் சக்கரத்தைப் பார்த்தார், அதன் கீழே கிடந்த கல்லைப் பார்த்தார், கிளீனரின் கைக்கட்டைப் பார்த்தார்.

டிரைவர் கியர் போட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

“நிறுத்துடா! எல்லாரும் எறங்குங்கய்யா! சிவப்பு டிக்கெட்டும் எறங்குங்க! ஆம்பளைங்க ஒருத்தர் உள்ள இருக்கக் கூடாது!”

அவர் தொண்டை கிழியக் கத்தியது கணவாயில் எதிரொலித்தது. மண்டிக்காரரும் கான்ட்ராக்டரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பாரம் குறைந்த வண்டி, அந்தப் பெண்ணோடு, ஒரு தடவைகூட வழுக்காமல் மேலே போய்ச் சேர்ந்தது.

புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேலே போனதும் அவர் கட்டையைக் கீழே போட்டார், கையைத் துடைத்துக்கொண்டார், என்னிடம் வந்தார்.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிழைத்துக்கொண்டேன். ஆனால் சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் டிரைவரைப் பார்த்தபோது, டிக்கெட்டை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

“எங்கீங்க? சிவப்பு டிக்கெட் இன்னும் ஓடுதுங்க. கட்டைக்கு அதே ஆளுதான். ஒரே ஒரு மாத்தமுங்க. முதலாளி வண்டியில வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாரும் எறங்கி நடக்கோணும்னு உத்தரவு.”