ஆஃபர் லெட்டரும் ஆயிரம் வருஷக் கல்லும்

துபாயில் எனக்குச் சோறு போடுவது கல். பெரிய வில்லாக்களில் மார்பிள் ஒட்டி முடித்த பிறகு குறை கண்டுபிடிக்கப் போகிறவன் நான். நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன். பின்னால் காலியாக இருந்தால் சத்தம் மாறும். பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிப்பேன். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். குறை உள்ள இடத்தில் ஒரு துண்டு நீல டேப். இருபது வருஷமாக அடுத்தவன் வேலையில் நொட்டை சொல்லித்தான் பிழைக்கிறேன். வீட்டிலும் அதையேதான் செய்கிறேன் என்பது மனைவியின் கருத்து. அங்கே சம்பளம் கிடையாது.

போன வருஷ லீவில் ஊருக்குப் போகாமல் இங்கிலாந்துக்குக் கிளம்பினேன். வளைகுடாவில் இது ஏறக்குறைய குற்றம். சத்வாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் விசாரணையே நடத்திவிட்டார்.

“ஊருக்குப் போவாம அங்க என்னா சார் வேலை?”

“மக படிக்கிறா பாய். கல்லு பாக்கக் கூப்பிட்டிருக்கா.”

“இங்க பாக்குற கல்லு பத்தலையா ஒங்களுக்கு?”

நியாயமான கேள்வி. இன்ஜினியரிங் படிக்கத்தான் மகளை அனுப்பினோம். இரண்டாம் வருஷம் தொல்லியலுக்கு மாறிக்கொண்டவள், மூன்றாம் வருஷம் எங்களுக்குத் தகவல் தெரிவித்தாள். அங்கே கிராமத்துச் சர்ச்சுகளில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய செதுக்குக் கற்கள் இருக்கின்றனவாம். அவற்றைப் பற்றி மேலே படிக்கப் போகிறாளாம். “பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்றாள் மனைவி. எங்கள் வீட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பழமொழி.

மனைவிக்கு லீவு கிடைக்காததால் தூதனாக நான் போனேன். சட்டைப் பையில் ஓர் ஆஃபர் லெட்டர். என் கம்பெனி ஆபீசில் மகளுக்கு வேலை, நானே நடையாய் நடந்து வாங்கியது. அதைக் கொடுத்து, சரி என்ற பதிலோடு திரும்ப வேண்டும் என்பது உத்தரவு.

மூன்று நாளில் எட்டு சர்ச். மகள் ஓட்ட, நான் ஆடுகளையும் மழையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் கல் வாசற்படியாகக் கிடந்தது. இன்னொன்றில் சிக்குக் கோலம் போலப் பின்னல் செதுக்கிய சிலுவைத் தண்டைத் தலைகீழாக வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். எங்கள் சைட்டில் இப்படிச் செய்திருந்தால் மேஸ்திரிக்கு அன்றைக்கே விசா கேன்சல். ஒவ்வொரு சாயங்காலமும் பைக்குள் கை விடுவேன். மகள் அன்றைய கல்லைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று கையை வெளியே எடுத்துவிடுவேன்.

நான்காம் நாள், ஒரு சின்ன சர்ச்சின் இருட்டு மூலையில் இடுப்பளவு கல் ஒன்று. தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. என் கை சும்மா இருக்குமா? நாணயத்தை எடுத்து டொக் டொக்கென்று தட்டினேன்.

“அப்பா! டோன்ட் டச்! என்ன பண்றீங்க?”

“உள்ள ஹாலோவா, காலியான்னு பாத்தேம்மா.”

“ஆயிரம் வருஷமா நிக்குது. ஹாலோவா இருந்தா உங்களுக்கென்ன? எதைப் பாத்தாலும் ரிஜெக்ட்தானா உங்களுக்கு?”

கடைசிக் கேள்வி கல்லைப் பற்றியதல்ல. சுருக்கென்றது. விரல் நுனியில் ஏற்கெனவே ஒட்டித் தயாராக இருந்த நீல டேப்பை அவள் பார்ப்பதற்குள் பைக்குள் தேய்த்துவிட்டேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தேன். நிழல் விழுந்தது. இரண்டு உருண்டைக் கண்கள், ஒரு மூக்கு, தூக்கிய இரண்டு பெரிய கைகள். விரல்களை எண்ணிவிடலாம்.

“அசையாதீங்கப்பா” என்றாள் மகள். குரலே மாறியிருந்தது. மூன்று தடவை வந்திருக்கிறாளாம், இந்தக் கைகளைப் பார்த்ததே இல்லையாம். கேமராவை எடுத்தாள். “அந்தப் பக்கம் ரொம்ப இருட்டா இருக்கு. வெளிச்சத்தத் திருப்பிவிட வெள்ளைப் பேப்பர் ஏதாவது இருக்கா?”

என்னிடம் ஒரே ஒரு பேப்பர்தான் இருந்தது. பிரித்து, வெள்ளைப் பக்கம் கல்லுக்கும் எழுத்துப் பக்கம் எனக்குமாகப் பிடித்தேன். ஒரு கையில் டார்ச், மறுகையில் கடிதம். கல்லில் இருந்தவரும் நானும் ஒரே கோலத்தில் இருந்தோம்.

ஒரு மணி நேரம் முட்டி போட்டிருந்தேன். “கொஞ்சம் கீழ. லெஃப்ட்ல. அசையாதீங்க.” நாற்பது பேரை யல்லா யல்லா என்று விரட்டுகிறவனுக்கு இது தேவைதான். கண் முன்னால் இருந்ததோ கடிதம் மட்டும். வரைபடங்களைப் பெற்றுக்கொள்ளுதல், முத்திரை குத்துதல், ஃபைலில் வைத்தல், வாரம் ஆறு நாள். திரும்பத் திரும்பப் படித்தேன். பேப்பருக்கு அந்தப் பக்கம் என் மகள் ஒரு கல்லைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

முடிந்ததும் கையை நீட்டினாள். “அந்தப் பேப்பரக் குடுங்கப்பா, நாளைக்கும் வேணும்.”

“இது அழுக்காயிடுச்சும்மா. புதுசு வாங்கித் தரேன்.”

சாயங்காலம் ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கிக் காரில் வைத்தேன். அதற்குள் சத்வாவிலிருந்து மனைவியின் போன்.

“லெட்டர எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“என்ன சொன்னா?”

“அசையாதீங்கப்பான்னு சொன்னா” என்றேன். “நான் அசையல.”