சுவிட்சுக்குப் போன கை

பவானி அக்கா நித்திரையிலேயே காலமாகிவிட்டார் என்று வெள்ளவத்தையிலிருந்து செய்தி வந்தபோது, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனுஷி, நித்திரையிலா? அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்டில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை லீவு கிடைத்தால் மலைக்கு ஓட்டிவிடுவார். "கொழும்பில சந்திக்குச் சந்தி ஆமிக்காரங்கள் மறிக்கிறாங்கள். மலையில கல்லுத்தான் மறிக்கும். அது அடையாள அட்டை கேக்காது" என்பார்.

யுத்த காலத்துப் பழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. சோதனைச் சாவடியில் டோர்ச் வெளிச்சம் தெரிந்ததுமே முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட வேண்டும். தாமதித்தால் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் கை தானாகவே அதைச் செய்யும்.

ஒரு மழைக்காலம். மலையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் என் தங்கை கமலாவுக்கு மாதம் நிறையுமுன்பே விட்டுவிட்டு வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்றார் மருத்துவச்சி. மண்சரிவில் ரோட்டு போய்விட்டது. மிஞ்சியிருந்தது பழைய கல்பாதைதான். கொழும்பில் என் கொட்டாஞ்சேனை அறைக்கு வந்த அந்தச் செய்தியை நான் சொல்லி முடிக்குமுன் அக்கா சாவியை எடுத்துவிட்டார்.

லோ கியரில், நாலு சக்கரமும் இழுக்க, கல்லுக்குக் கல் ஏறினோம். வலப்பக்கம் பள்ளம். பின்னேரமே பனி மூடியிருந்தது. ஒரு வளைவில் எதிரே டோர்ச் வெளிச்சம். அக்காவின் கை சுவிட்சுக்குப் போனது. முன்விளக்கு அணைந்தது, உள்விளக்கு எரிந்தது. நானும் அடையாள அட்டையை உருவிப் பிடித்திருந்தேன்! பாதை தெரியவில்லை. ஜீப் சரிந்தது. அக்கா பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது.

ஓடி வந்தவன் கமலாவின் கணவன் ராஜு. எங்களுக்கு வழிகாட்டக் காத்து நின்றிருக்கிறான். "ஏங்கக்கா லைட்ட அமத்துனீங்க?"

"நான் அமத்தேல்லை. அவங்கள் என்ரை கையையும் பழக்கிப்போட்டாங்கள்" என்று அக்கா அழுகையும் ஆத்திரமுமாக ஸ்டியரிங்கைக் குத்தினார். ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துப் பாதையில் ஏற்றியதும் என்னிடம் திரும்பினார். "இனி என்ரை கை அங்க போனா அடி. யோசியாதை."

ராஜு டோர்ச்சோடு முன்னால் நடந்தான். அவன் திரும்பிய போதெல்லாம் அக்காவின் கை அசைந்தது. நான் அடித்தேன். கமலாவை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதும் அடித்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா சிவந்த புறங்கையைத் தடவிக்கொண்டு நடந்தபடியே இருந்தார்.

நேற்று அக்காவின் இறுதிச் சடங்குக்குப் பொரளை கனத்தை மயானத்துக்கு என் காரில் போனேன். பக்கத்தில் மலர், அன்று பிறந்த பிள்ளை. மழையில் பகலே இருண்டிருந்தது. கார் நிறுத்த இடம் காட்டுவதற்காகக் காவலாளி டோர்ச் அடித்தார். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் என் கை சுவிட்சுக்குப் போனது.

"ஏன் மாமா லைட்ட அமத்துறீங்க?" என்றாள் மலர்.

பவானி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பேச்சுத்தான். அதையே அவளிடம் சொன்னேன். "இனி என் கை அங்க போனா அடி. யோசிக்காத."