இன்ஜினுக்குத் தைத்த சட்டை

அகினிசி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் போதும், பாதிக் கனவுக்குள் போய்விடுவாள். கண் திறந்துதான் இருக்கும். கை தன்பாட்டுக்குக் கித்தானைத் தள்ளும், ஊசி தன்பாட்டுக்கு இறங்கி ஏறும், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஹட்சன் விரிகுடா உறைந்து கிடக்கும். எது கடல், எது வானம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாத வெளுப்பு. அந்த வெளுப்புக்குள் தான் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு பனிவண்டிகள் போய்க்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொண்டு தைப்பாள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு இன்ஜின் கதகதப்பாக முணுமுணுத்துக்கொண்டு போகும்.

சட்டை என்று நான் சொல்வது மனுஷர் போடுவதை அல்ல. வண்டியின் இன்ஜின் மூடிக்கு, அதாவது பானெட்டுக்குப் போடுவது. எங்கள் ஊர்ப் பனி காற்றில் மாவாகப் பறக்கும். சந்து பொந்து எது கிடைத்தாலும் நுழைந்துவிடும். இன்ஜின் சூட்டில் உருகும், வண்டி நின்றதும் மறுபடி உறையும், அப்புறம் நட்டநடு வனாந்தரத்தில் ஆளை நிறுத்திவிடும். அதனால் எந்தக் கம்பெனி எப்படி வண்டி செய்து அனுப்பினாலும், அதன் பானெட்டுக்கு எங்கள் பெண்கள் கித்தானில் ஒரு சட்டை தைத்து, ஓட்டைகளையெல்லாம் மூடி, அதற்குப் பிறகுதான் வீட்டு ஆம்பளையை வெளியே விடுவார்கள். அதிலும் அகினிசி தைத்தது என்றால் பேச்சே இல்லை. ஒரு பொடிப் பனி உள்ளே போகாது. அந்தப் பெருமை அவளுக்கும் இல்லாமல் இல்லை. தெருவில் வேறு யாராவது தைத்த சட்டை போனால், "ஐயோ, கோணி மாதிரி இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிடுவாள்.

போன இலையுதிர் காலத்துக் கப்பலில் புது வண்டிகள் வந்து இறங்கின. புத்தம் புது இன்ஜின், அந்த வருஷம்தான் உலகத்துக்கே வந்தது. ஊரே கரையில் கூடிவிட்டது. அதில் ஒன்றை வாங்கியவன் துமாசி.

துமாசி அகினிசியின் தங்கை மகன். முப்பது வயசு இன்னும் ஆகவில்லை. ஆனால் அகினிசி அவனை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அப்பா செத்த குளிர்காலத்தில் பிறந்த பிள்ளை அவன். பேரும் அவர் பேர். எங்களில் பேர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான். அவன் தொட்டிலில் கிடந்தபோதே அவள், "அப்பா, பால் குடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவனும் பேசத் தெரிந்த நாளிலிருந்து, தன் அம்மாவைவிட மூத்தவளான இவளை "மகளே" என்றுதான் அதட்டுவான்.

"மகளே, என் வண்டிக்குச் சட்டை எங்க?"

"வந்து நின்னதும் அதிகாரத்தப் பாரு. உக்காருங்கப்பா. மீன் இருக்கு, சாப்பிடுங்க."

"சாப்பிடுறது இருக்கட்டும். மொதல்ல அளவெடு."

அவள் வெளியே போய் அந்தப் புது வண்டியைத் தடவிப் பார்த்தாள். பானெட்டின் இரண்டு பக்கமும் வரிவரியாகக் காற்றுத் துளைகள். பழைய வண்டிகளில் இவ்வளவு பார்த்ததே இல்லை.

"அடப்பாவிகளா! இத்தனை ஓட்டையா? தெற்குல உக்காந்துக்கிட்டு வண்டி செய்யிறானே, ஒரு நாள் இங்க வந்து நின்னு பார்த்திருப்பானா? எங்க அப்பா நடுவழியில நிக்கட்டும்னே செஞ்சிருக்கான்."

இரண்டு மடிப்புக் கித்தான் வைத்து, ஒரு துளை விடாமல், இழுத்து இழுத்துத் தைத்தாள். உள்ளே கம்பளித் துணியும் கொடுத்தாள். இவ்வளவு பாசமாக அவள் எந்த வண்டிக்கும் தைத்ததில்லை. மற்றப் புது வண்டிக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்டு வாங்கிப் போனார்கள்.

குளிர் முற்றியதும் புகார் கிளம்பியது. ஒருவன் சீல் வேட்டைக்குப் போனவன், கடல் பனி முடிகிற விளிம்பில் வண்டி திணறி நின்றுவிட்டது என்று இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தான். அடுத்து இன்னொருவன். சிவப்பு விளக்கு எரிகிறதாம், இழுவை போய்விடுகிறதாம், அப்புறம் படுத்துவிடுகிறதாம். கராஜ் வைத்திருக்கும் யூகா தலையைச் சொறிந்தான். அவனிடம் கொண்டுவந்து போட்டால் அதே இன்ஜின் சமர்த்தாக ஓடியது.

"இங்க ஓடுது, அங்க ஓடல. இந்த இன்ஜினுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு போல" என்றான் யூகா.

கம்பெனிக்குப் போன் போட்டால், புது இன்ஜின்தானே, ஆரம்பத்தில் சிறுசிறு தொந்தரவு வரும், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தேன் ஒழுகப் பதில். பள்ளிக்கூட வாத்தியாரின் புது வண்டிக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை. "அவர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தானே போறாரு, அதுக்கு வண்டி எதுக்கு, செருப்பு போதும்" என்று ஊர் சிரித்தது. அவர் வண்டிக்குச் சட்டை இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஊர் ரேடியோவில் பாட்டுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே ஆளாளுக்குப் போன் செய்து அந்த இன்ஜினைத் திட்டித் தீர்த்தார்கள். அதில் முதல் குரல் அகினிசியுடையது. "நம்மள வச்சுச் சோதனை பண்றான். நம்ம உசிரு அவனுக்கு விளையாட்டாப் போச்சு!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவை ரேடியோவில் பேசினாள், நன்றாகவே பேசினாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

துமாசிக்கு மட்டும் கவலையே இல்லை. கரிபு மான்கள் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"வேணாம்ப்பா. அந்த இன்ஜின நம்பாதீங்க."

"என் வண்டி என் பேச்சக் கேக்கும். நீ தேநீரப் போட்டு வை, நாளைக்கு உனக்குப் பிடிச்ச மான் நாக்கு கொண்டுவந்து தர்றேன்."

மறுநாள் வரவில்லை. காற்று எழும்பியது, ஊரே வெளுப்புக்குள் போய்விட்டது. சாயங்காலம் வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து, தூக்கத்தில் பேசுகிற மாதிரி. "ஏரி தாண்டி நிக்கிறேன். விளக்கு எரியுது. ஸ்டார்ட் ஆகுது, நிக்குது..." அவ்வளவுதான். அப்புறம் இரைச்சல் மட்டும். காற்று அடங்கினால் அவனைத் தேடிப்போக நாலைந்து பேர் புது வண்டிகளில் தயாராக நின்றார்கள். ஏரி தாண்டிப் போய்த் திரும்ப அவைதான் வேகம், வேறு வழியில்லை.

அகினிசிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. யாருக்காவது சட்டை கிழிந்திருந்தால் தைத்துக் கொடுத்தாலாவது மனசு ஒரு நிலையில் நிற்கும் என்று கராஜுக்குப் போனாள். அங்கே யூகா ஒரு புது வண்டியைக் கடைசியாகச் சோதித்துக்கொண்டிருந்தான். பானெட் மொட்டையாக இருந்தது. இன்ஜின் பூனை போல உறுமிக்கொண்டிருந்தது. மூலையில் அவள் தைத்த சட்டைகள் குவியலாகக் கிடந்தன.

அவள் கொஞ்ச நேரம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே நின்றாள். மிஷின் முன்னால் வருகிற அதே அரைக் கனவு வந்தது. அதற்குள் அந்த இன்ஜினின் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிறது. இழுக்கிறது, விடுகிறது.

"யூகா, நீ எப்பப் பார்த்தாலும் சட்டையக் கழட்டிட்டுத்தான் ஓட்டுவியா?"

"பின்ன? கழட்டாம எப்படி உள்ள பாக்குறது?"

"அத மாட்டிட்டு ஓட்டு."

"எதுக்கு?"

"மாட்டுடா!"

அவன் சிரித்துக்கொண்டே மாட்டினான். நன்றாக முறுக்கினான். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் உறுமல் கம்மியது. இருமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி குலுங்கி நின்றது. கராஜில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

யூகா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இது நம்மளோட இருக்கட்டும். போறவங்க வண்டியில நான் சட்டையக் கழட்டிடுறேன், பனி ஒட்டியிருக்குன்னு எதாவது சொல்லிக்கிறேன். கம்பெனிக்காரன் தலையிலயே கிடக்கட்டும் பழி. அவனுக்கு என்ன நஷ்டம்?"

அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். ஆசை இல்லாமலா இருக்கும்? தன் பேர் என்று அவளிடம் இருந்ததே அந்தத் தையல்தான். பழி போட ஆள் தயாராக இருக்கிறான், அதுவும் முகம் தெரியாத ஆள்.

"எங்கப்பா அங்க உக்காந்திருக்காரு, யூகா. வயர்லெஸ் செத்தாலும் ரேடியோப் பெட்டி வச்சிருப்பாரு. நீ இங்க கழட்டினா அவருக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோ அறை பக்கத்துக் கட்டடம்தான். ஆனாலும் அன்று, வழி தப்பாமல் இருக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் சியாசி அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைத் தள்ளினாள்.

"நான் அகினிசி பேசுறேன். இன்ஜின் மேல குத்தமில்ல. நான்தான் அது மூக்க அடைச்சுத் தச்சுட்டேன். பழைய வண்டிக்குத் தச்ச புத்தியிலயே இதுக்கும் தச்சேன். கம்பெனிக்காரன வாய்க்கு வந்தபடி திட்டினேன், அதுவும் தப்பு. புது வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாம் சட்டையக் கழட்டுங்க." மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "அப்பா, கேக்குதா? சட்டையக் கழட்டுங்கப்பா. அறுத்து எறியுங்க."

ஜன்னலில் வெளுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தன் குரல் போய்க்கொண்டே இருப்பதாக, எங்கும் போய்ச் சேராமல் மிதப்பதாக அவளுக்குத் தோன்றியது. சியாசி தேநீர் கொடுத்தாள். ஊரில் ஒருவரும் போன் செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

விடிந்ததும் காற்று அடங்கியது. தேடப் போகிறவர்கள் மொட்டை வண்டிகளோடு கரையில் நின்றார்கள். அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வண்டியைக் கிளப்புவதற்குள் வெளுப்புக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. எல்லாரும் கேட்டார்கள். ஒரு புள்ளி வந்தது, அது வண்டியானது.

துமாசிதான். கன்னமெல்லாம் காற்று கடித்துக் கறுத்திருந்தது. வண்டியின் பானெட் மொட்டை. சட்டை அவன் தோளில் இருந்தது, கம்பளிப் பக்கம் உள்ளே, கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"ரேடியோ கேட்டீங்களாப்பா?" அவள் ஓடினாள்.

"என்ன ரேடியோ? குளிருல பேட்டரி எல்லாம் செத்துப்போச்சு." அவன் வண்டியிலிருந்து மெல்ல இறங்கினான். "குளிரு தாங்கல மகளே. வண்டிச் சட்டையக் கழட்டிப் போத்திக்கிட்டுப் படுத்தேன். என்னமா தச்சிருக்க! ஒரு பொட்டுக் காத்து வரல. இது மட்டும் இல்லன்னா நான் செத்திருப்பேன். காலையில இன்ஜினும் தானாச் சரியாயிடுச்சு, என்ன மாயமோ."

யூகா தரையைப் பார்த்தான். சொல்லாமல் விட்டால் விட்டதுதான். துமாசி சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அது இல்லன்னா நீங்க அங்க நின்னிருக்கவே மாட்டீங்க" என்றாள் அகினிசி.

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அவன் கேட்டுக்கொண்டே வண்டியின் துளைகளைப் பார்த்தான், தோளிலிருந்த கித்தானைத் தடவினான். கோபம் வந்தது அவன் முகத்தில் தெரிந்தது. அது போகவும் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு பக்கமும் மூக்கு தெரியிற மாதிரி வெட்டு" என்றான் கடைசியில். "வெட்டின துண்டத் தூக்கிப் போட்டுடாத. பொத்தான் வச்சு மூடுற மாதிரி தையி. ஓட்டும்போது திறந்துக்கிறேன், போத்திக்கிட்டுப் படுக்கும்போது மூடிக்கிறேன்."

"சரிப்பா."

"இப்ப அழாத. பசிக்குது."