லியாங் ஐயா மாற்றிய வசனம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு சீனத் தொலைக்காட்சி இயக்குநரிடம் நான் ஏச்சு வாங்கினேன். போனைக் கமராவாகப் பிடித்துக்கொண்டு நின்றபோது பலமாக மூச்சு விட்டேனாம்.

"மூச்சை அடக்கவும்" என்று இன்னொரு போன் எனக்குத் தமிழில் உத்தரவிட்டது.

பொறுங்கள், ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து சோறு போடாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் காலையில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். மத்தியானம் மெய்லின் வீட்டில். பல்லரோ சந்தைக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருக்கும் சீனப் பெண் அவள். கடைக்கு மேலேயே வீடு. இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து, சீனாவிலிருந்து மகளிடம் வந்து சேர்ந்த அவளுடைய அப்பா அங்கே இருக்கிறார். பெயர் லியாங். எனக்கு லியாங் ஐயா. அவரை நடக்கப் பழக்குவதும் சாப்பாடு கொடுப்பதும் என் வேலை.

அவருக்கு இத்தாலியன் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்கும் போன்! ஒருநாள் என் தேங்காய்ப்பால் சொதியைக் குடித்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். போன் சொன்னது: "தங்களது மஞ்சள் நிறத் திரவம் உள்ளத்தைத் தொட்டது."

இதைவிட நல்ல பாராட்டு என் சமையலுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அவருடைய கதையும் அந்தப் போன் வழியாகத்தான் வந்தது... துண்டு துண்டாக. இளம் வயதில் நடிகர். என்ன வேடம்? பிணம். சரித்திரத் தொடர்களில் போர் முடிந்ததும் தரையில் கிடப்பவர்களில் ஒருவர். பிறகு பதவி உயர்வு கிடைத்து, "அரசே, எதிரி வந்துவிட்டான்" என்று ஓடிவரும் சேவகன். இன்னும் ஒரு வரி கூட்டித் தரமுடியுமா என்று கதாசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "நீயே எழுது" என்று அவர் எரிந்து விழ, இவர் அந்தக் காட்சி முழுவதையும் எழுதிக்கொண்டு போய் நின்றாராம். அப்படிக் கதாசிரியர் ஆனார். தன் வசனங்களை மற்றவர்கள் கெடுக்கிறார்கள் என்று தோன்றியதும் இயக்குநரும் ஆனார்.

குடும்பத் தொடர்கள்தான் அவருடைய பலம். இரவுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அப்பா, அம்மா, பிள்ளைகள் — ஒரே சிரிப்பும் கதையும். ஊரே உட்கார்ந்து பார்த்ததாம்.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று மெய்லினிடம் கேட்டேன். அவளும் நானும் கதைப்பது இத்தாலியனில். ஆனால் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் சொன்னதை எங்கள் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"பாக்கேல்லை அக்கா. அந்த மேசையில இருந்தவை எல்லாரும் நடிகர்கள். எங்கட வீட்டு மேசையில அப்பாவின்ர கதிரை எப்பவும் வெறுமை."

சொல்லிவிட்டுச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். மற்றபடி குறை சொல்ல முடியாத மகள். மருந்து, டொக்டர், வெந்நீர் எல்லாம் நேரத்துக்கு நடக்கும்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"மகள் அவரோட கதைக்கிறவவோ?" என்று கேட்டார்.

"மருந்து குடிச்சீங்களோ எண்டு கேப்பா."

"அது நேர்ஸும் கேப்பாவப்பா" என்றார்.

இப்படியிருக்கும்போதுதான் சீனாவிலிருந்து ஒரு செய்தி. லியாங் ஐயாவிடம் உதவியாளராக இருந்தவர் இப்போது இயக்குநராம். புதுத் தொடரில் ஒரு வயதான அப்பா வேடம் இருக்கிறது, ஐயா செய்வாரா? ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவரால் முடியுமா என்று தயாரிப்பாளர்களுக்குச் சந்தேகம். ஒரு காட்சியை நடித்து வீடியோ அனுப்பச் சொன்னார்கள்.

அன்று அவர் நான் சொல்லாமலே முகச்சவரம் செய்துகொண்டார். நான் பிடிக்காமலே எழுந்து நின்றார்.

மெய்லின் மசியவில்லை. "ஏலாது அக்கா. அங்கை போய் விழுந்தால் ஆர் பாக்கிறது?" பிறகு, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வீடியோவை மட்டும் எடுக்கட்டும்" என்றாள்.

செவ்வாய் மத்தியான இடைவேளைக்குக் கடையை அடைத்துவிட்டு மேலே வந்தாள். அதற்குள் வீடு ஷூட்டிங் தளமாகியிருந்தது. யன்னல் பாதி சாத்தியாயிற்று. இரைகிறது என்று ஃபிரிட்ஜும் நிறுத்தியாயிற்று. கீழே மீன்காரர் கூவி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். காட்சி இதுதான்: நெடுநாள் கழித்து வரும் மகள், அப்பாவிடம் கேள்வி கேட்கிறாள். மகளின் வசனத்தைக் கமராவுக்குப் பக்கத்திலிருந்து மெய்லின் வாசிக்கவேண்டும். வேறு யாருக்குச் சீனம் தெரியும்?

முதல் டேக் என் மூச்சினால் கெட்டது. இரண்டாவதில், மகள் துணி விலை சொல்வதுபோல் வாசிக்கிறாள் என்று ஐயா நிறுத்தினார். மூன்றாவதில் அவள் ஒரு வரியை வாசித்தாள். அவர் பதில் சொன்னார்.

மெய்லின் தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'கட்' என்று யாரும் சொல்லவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வெறும் சுவரையும் ஒரு கிழவரையும் எடுத்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவள் அப்பாவுக்குத் தேத்தண்ணீரோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

நான் புறப்பட்டபோது படிக்கட்டுவரை கூடவே வந்தாள்.

"ஏன் வீட்டுக்கு வரவே இல்லை எண்டு நான் வாசிச்சன். வேலை இருந்தது எண்டுதான் அவர் சொல்லவேணும். அவர் அதைச் சொல்லேல்லை அக்கா."

"பின்னை என்ன சொன்னவர்?"

"வேலை முடிஞ்ச நாட்களிலயும் நான் வரேல்லை. செட்டில எல்லாரும் நான் சொல்லுறதைச் செய்வினம். வீட்டில நீ 'ஏன்?' எண்டு கேப்பாய். எனக்குப் பயமாயிருந்தது, எண்டார்."



"அதுக்கு நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"இப்பவும் பயமோ எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவர்?"

"ஓம் எண்டார்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லமுடியவில்லை.

அடுத்த நாள், எழுதியிருந்த வசனத்தையே சொல்லி இன்னொரு டேக் எடுத்து அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது. வேடம் அவருக்குத்தான். கவனமாகப் போய்வரலாம் என்று டொக்டரும் சம்மதித்தார். ஊர்த் திருவிழாவுக்குக்கூடக் கடையைப் பூட்டாத மெய்லின், அதைப் பூட்டிவிட்டு அப்பாவோடு போகிறாள்.

நேற்று நான் புறப்படும்போது இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து அவருடைய பழைய தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அவர் எதையோ பிழை பிடிக்க, அவள் "ச்சு" என்று அடக்கினாள்.

நடிக்கவும் எழுதவும் இயக்கவும் தெரிந்த மனிதருக்கே ஓர் உண்மையைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. நம் வீட்டு அப்பாமாருக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் — ஆனால் கேள்வியை இன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.